வக்கீல் ஆபீஸ் வரலாறும் ஏழைக் கட்சிக்காரரின் உரிமையும்: வாசகர் கேள்வி – பதில்

(தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்களிடமிருந்து வந்த சட்டக் கேள்விகளுக்கு எங்கள் சட்டக் குழுவின் பதில்கள்.)

கேள்வி: மூன்று தலைமுறையாக நடக்கும் ஒரு வக்கீல் ஆபீஸில் ஜூனியராக இருக்கிறேன். ஆபீஸின் வரலாற்றையும் அது செய்த பொதுச்சேவையையும் ஒரு மலராகக் கொண்டுவரும் வேலையை சீனியர் என்னிடம் கொடுத்திருக்கிறார். கையில் இருப்பது பரணில் கிடக்கும் பழைய வழக்குக் கட்டுகளும் வயதான குமாஸ்தாவின் நினைவும்தான். எங்கே தொடங்குவது? எதை எழுதக் கூடாது?
– ஜூனியர் வக்கீல், தர்மபுரி

பதில்: கட்டுகளைப் பிரிப்பதற்கு முன் வாய்தா டயரிகளை எடுங்கள். தேதி, கோர்ட்டு, வழக்கு எண், அன்று நடந்தது என ஒவ்வொரு நாளும் எழுதி வைத்திருப்பார்கள். ஓர் ஆபீஸின் உண்மையான வரலாறு அந்த டயரிகளில்தான் இருக்கிறது. ஆண்டுவாரியாக அடுக்கி, வழக்கு எண்களை ஒரு நோட்டில் ஏற்றுங்கள். அதன் பக்கத்தில் ஃபீஸ் கணக்கு நோட்டை வைத்து ஒப்பிடுங்கள். வழக்கு நடந்திருக்கும், வரவு இருக்காது. அந்த இடங்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபீஸ் வாங்காமல் நடத்திய வழக்குக்கும் ஃபீஸ் வராமல் போன வழக்குக்கும் வித்தியாசம் உண்டு, அதைப் பிரித்துச் சொல்லக் குமாஸ்தாவால்தான் முடியும். அவரிடம் பொதுவாகக் கதை கேட்காதீர்கள். டயரியை அவர் முன்னால் விரித்து, “இந்த வழக்கு என்ன, யார் வந்தார்கள், ஏன் வரவு இல்லை?” என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பக்கத்தைக் கண்ணால் பார்த்தால் நினைவு சரியாக வரும். வெறுமனே கேட்டால் இரண்டு வழக்குகள் ஒன்றாகிவிடும்.

இலவச சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழு உங்கள் ஆபீஸ் வக்கீல்களை நியமித்த உத்தரவுகள் பைலில் இருந்தால் அவையும் சான்று. “ஏழைகளுக்கு ஏராளமான வழக்குகளை இலவசமாக நடத்தினோம்” என்ற வரியை எண்ணும் ஆண்டும் இல்லாமல் எழுத வேண்டாம். சரிபார்த்த பன்னிரண்டு வழக்குகள்தான் கிடைத்தன என்றால் பன்னிரண்டு என்றே எழுதுங்கள்.

வெளிச் சான்றுகளுக்கு வருவோம். முதல் தலைமுறை வக்கீல் எந்த ஆண்டு பதிவு செய்தார் என்பதற்குப் பார் கவுன்சில் பதிவும் வக்கீல் சங்கப் பதிவேடும் வேண்டும். ‘மெட்ராஸ் லா ஜர்னல்’ 1891-லிருந்து வருகிறது. அதில் தீர்ப்புகளோடு வக்கீல் பெயர்களும் அச்சாகும். ஆனால் அங்கே வருபவை ஹைகோர்ட்டில் ஆஜரானவர்களின் பெயர்கள். கீழ்க்கோர்ட்டில் வழக்கை முதலில் நடத்திய நம்மூர் வக்கீலின் பெயர் பெரும்பாலும் இருக்காது. அதைப் பார்த்துவிட்டு “நம் ஆபீஸுக்குப் பங்கில்லை” என்று ஒதுக்கிவிடாதீர்கள். கீழ்க்கோர்ட்டு வழக்கு எண்ணை வைத்து டயரியோடு பொருத்திப் பாருங்கள். தர்மபுரி 1965 அக்டோபர் 2-ஆம் தேதி தனி மாவட்டமாகும் வரை இந்தப் பகுதி சேலம் மாவட்டம்தான். அதனால் பழைய செய்திகளைச் சேலம் மாவட்டம் பற்றி 1883-லும் 1918-லும் வெளிவந்த அரசு நூல்களிலும், சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் தேடுங்கள். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9-ஆம் தேதி. அதற்கு முந்தைய ஓசூர், ஊத்தங்கரைச் செய்திகள் தர்மபுரி மாவட்டத் தலைப்பில் இருக்கும்.

காகிதத்தைக் கையாளும் முறையும் முக்கியம். துருப்பிடித்த குண்டூசியை இழுக்காதீர்கள், காகிதம் கிழியும். பின்பக்கமாக வளைவை நிமிர்த்தி, ஊசியை மெல்ல நகர்த்தி எடுங்கள். நொறுங்கும் தாளை ஜெராக்ஸ் மெஷினில் அழுத்த வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தில் சமமாக வைத்துப் போட்டோ எடுங்கள். லேமினேஷன் கூடவே கூடாது, பிறகு பிரிக்க முடியாது. கட்டின் மேல்தாளை முதலில் படமெடுங்கள். வழக்கு எண் தெரியாத படம் ஆயிரம் இருந்தாலும் பயன் இல்லை.

எழுதக் கூடாதது என்ன? கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னது ரகசியம். முன்பு சாட்சியச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் இருந்த விதி, இப்போது 2023-ஆம் ஆண்டு பாரதிய சாட்சியச் சட்டத்தின் 132-ஆம் பிரிவில் இருக்கிறது. வழக்கு முடிந்த பிறகும் அந்தக் கடமை முடிவதில்லை. கட்சிக்காரர் இறந்துவிட்டார் என்பதற்காக அவர் ஆபீஸ் திண்ணையில் உட்கார்ந்து சொன்னதை அச்சில் போட முடியாது. வெளிப்படையான தீர்ப்பில் இருப்பதை எழுதலாம். அதிலும் பாலியல் வழக்கில் பாதிக்கப்பட்டவர், வழக்கில் சிக்கிய சிறார் ஆகியோரை அடையாளம் காட்டும் எதுவும் வரக் கூடாது. சின்ன ஊரில் பெயரை மட்டும் மறைத்தால் போதாது. தெரு, தொழில், அண்ணன் பெயர் எது வந்தாலும் ஆள் தெரிந்துவிடும்.

இன்னொன்று, வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி 36. பெயர்ப்பலகைகூட நியாயமான அளவில்தான் இருக்க வேண்டும். “எங்களிடம் வாருங்கள்”, “இத்தனை சதவீதம் வெற்றி” போன்ற வரிகள் மலரில் வந்தால் ஆபீஸுக்கே வம்பு.

கேள்வி: நம் பகுதியில் நிலவழக்குகள் இவ்வளவு அதிகமாக இருக்க வரலாற்றுக் காரணம் ஏதும் உண்டா? சேலத்து வக்கீல்களோடு இவ்வளவு தொடர்பு எப்படி வந்தது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், காவேரிப்பட்டணம்

பதில்: 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து, நம் பகுதி அடங்கிய பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. அலெக்சாண்டர் ரீடு பொறுப்பேற்றார், அவருக்கு உதவியாக வந்தவர்களில் தாமஸ் மன்றோ ஒருவர். நிலத்தை அளந்து, உழுபவர் பெயரில் நேரடியாகத் தீர்வை (நிலவரி) போடும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருப்பெற்றது. ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு பெயர், ஒரு தீர்வை என்று வந்த பிறகு, அந்தப் பெயர் யாருடையது என்ற தகராறும் கூடவே வந்தது. வழக்கு எதில் வந்ததோ அதற்கு வேண்டிய ஆளும் வந்தார். 1879-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வக்கீல், முக்தியார் (கீழ்க்கோர்ட்டு முகவர்) என்பவர்களோடு, வருவாய்த் துறை அலுவலகங்களில் ஆஜராக ‘ரெவின்யூ ஏஜெண்ட்’ என்று ஒரு வகுப்பே இருந்தது. 1961-ஆம் ஆண்டு வக்கீல்கள் சட்டம்தான் எல்லோரையும் ஒரே வகுப்பாக்கியது.

சேலம் தொடர்புக்குக் காரணம் மாவட்டத் தலைநகர் அங்கே இருந்ததுதான். ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ராஜாஜி 1900-ல் வக்கீல் தொழில் தொடங்கியதும் சேலத்தில்தான். அவருக்கு முந்தைய தலைமுறை சேலம் விஜயராகவாச்சாரியார், 1882 சேலம் கலவர வழக்கில் தண்டிக்கப்பட்டு மேல்முறையீட்டில் விடுதலையானவர், 1920 நாக்பூர் காங்கிரசுக்குத் தலைமை வகித்தவர். வக்கீல் தொழிலையும் பொதுக்காரியத்தையும் ஒன்றாகப் பார்க்கும் பழக்கம் இந்தப் பகுதிக்கு அப்படி வந்தது.

இன்றைக்கும் பட்டா என்பது தீர்வைக்கான பதிவு. உரிமைக்கு மூலப்பத்திரம் வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால்தான் பாதி வழக்குகள் வருகின்றன.

கேள்வி: பாகப்பிரிவினை வழக்குக்கு எங்கள் அப்பா ஒரு வக்கீலிடம் மூலப்பத்திரங்களைக் கொடுத்திருந்தார். அந்த வக்கீல் இறந்துவிட்டார். இப்போது ஆபீஸை நடத்துபவர் “பாக்கி ஃபீஸ் கட்டினால்தான் கட்டு” என்கிறார். என்ன செய்வது?
– வாசகர், பாலக்கோடு

பதில்: கட்டு உங்களுடையது. ஃபீஸ் பாக்கிக்காகக் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று சுப்ரீம் கோர்ட்டு 2000-ஆம் ஆண்டு ஆர்.டி. சக்சேனா வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. உண்மையிலேயே பாக்கி இருந்தால் அதை வசூலிக்க அவர் தனியாக வழக்குப் போடலாம். பாக்கி இருக்கிறதென்று தெரிந்தால் நீங்களும் அதை மதித்துப் பேசி முடியுங்கள். ஆனால் அதையும் கட்டையும் முடிச்சுப் போட விடாதீர்கள்.

முதலில் வழக்கின் நிலையைப் பாருங்கள். கட்சிக்காரரோ வக்கீலோ இறந்தால் வக்காலத்து அதோடு முடிகிறது. உங்கள் அப்பா இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. அவர் காலமாகி, வழக்கு நிலுவையில் இருந்தால் 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்கும் மனு போட வேண்டும். தவறினால் வழக்கு அவரைப் பொறுத்தவரை அற்றுப்போகும், பிறகு அதை நீக்கக் கேட்டுத் தனி மனு, தாமதத்துக்குக் காரணம் என்று வேலை இரண்டு மடங்காகும். பத்திரத்தைத் தேடி அலையும்போது இந்தத் தேதியைக் கோட்டைவிடுவதுதான் பெரிய நஷ்டம். ஆகவே புது வக்கீலுக்கு இன்றே வக்காலத்து கொடுங்கள். கட்டு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கோர்ட்டில் நகல் மனு போட்டால் பிராது, எதிர்வாதம், இடைக்கால உத்தரவு எல்லாவற்றின் நகலும் கிடைக்கும். வழக்கு எண்ணும் ஆண்டும் தெரிந்தால் போதும். எண்ணே தெரியாவிட்டால், அந்தக் கோர்ட்டைத் தேர்ந்தெடுத்து, இ-கோர்ட்ஸ் தளத்தில் அப்பா பெயரையும் ஆண்டையும் போட்டுத் தேடுங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக உள்ள, 16 எழுத்து-எண் கொண்ட சி.என்.ஆர். எண் வரும். பெயரை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதிப் பாருங்கள். கோவிந்தன் என்ற பெயரே கணினியில் வேறு எழுத்தில் ஏறியிருக்கும்.

மூலப்பத்திரம் ஆபீஸில் இருக்கிறதா, கோர்ட்டில் சான்றாவணமாகக் குறியிட்டாகிவிட்டதா என்பது அடுத்த கேள்வி. சாட்சி விசாரணை நடந்திருந்தால் பெரும்பாலும் கோர்ட்டில்தான் இருக்கும். வழக்கு முடிந்து, அப்பீல் காலமும் கடந்த பின் மனுப் போட்டுத் திரும்ப வாங்கலாம். அதற்கு முன்பே வேண்டுமென்றால் சான்றிட்ட நகலை அதன் இடத்தில் வைத்து, கேட்டால் திரும்பக் கொண்டுவருவேன் என்று உறுதி எழுதிக் கொடுத்து வாங்க வழி உண்டு.

ஆபீஸில்தான் இருக்கிறதென்றால், என்னென்ன பத்திரம் என்று எண், ஆண்டு, சார்பதிவகத்தோடு பட்டியல் எழுதி, ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். வக்கீலின் பிள்ளைகளோ ஜூனியரோ யார் பொறுப்பில் இருக்கிறார்களோ அவர்களுக்கு. பதில் இல்லையென்றால், பொறுப்பில் இருப்பவர் வக்கீலாக இருக்கும் பட்சத்தில், சென்னையில் உள்ள தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் வக்கீல்கள் சட்டம் 35-ஆம் பிரிவின்கீழ் புகார் செய்யலாம். பத்திரமே தொலைந்திருந்தால், பதிவான பத்திரமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். பதிவாகாத பழைய பாகப்பத்திரம், கைச்சாத்து ரசீது போன்றவைதான் தொலைந்தால் மீளாதவை. இனிமேல் எந்த ஆபீஸில் எதைக் கொடுத்தாலும் பட்டியலுக்குக் கையெழுத்து வாங்குங்கள். நல்ல ஆபீஸ் அதைக் கேட்டால் சங்கடப்படாது.

கேள்வி: விபத்து நஷ்டஈடு வழக்கில் கிடைக்கும் தொகையில் முப்பது சதவீதம் வக்கீல் ஃபீஸ் என்று பேசியிருக்கிறார்கள். இது சரியா? விபத்து தொப்பூர் கணவாயில் நடந்தது, நாங்கள் இருப்பது ஊத்தங்கரை.
– வாசகி, ஊத்தங்கரை

பதில்: சரியில்லை. வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதும் கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதும் பார் கவுன்சில் விதி 20-இல் தடை செய்யப்பட்டவை. ஃபீஸைத் தொகையாகப் பேசுங்கள், எந்தக் கட்டத்தில் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள்.

வழக்கை விபத்து நடந்த எல்லையிலும் போடலாம், நீங்கள் வசிக்கும் எல்லையிலும் போடலாம், எதிர்தரப்பின் எல்லையிலும் போடலாம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் தர்மபுரிக்குப் போகவேண்டிய அவசியம் இல்லை. விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மனு என்ற வரம்பு 2022 ஏப்ரல் 1-ஆம் தேதியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதை எதிர்த்து வழக்குகள் உள்ளன, அவற்றை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். முதல் தகவல் அறிக்கை, ஆஸ்பத்திரியில் முதலில் சேர்த்தபோது எழுதிய விபத்துப் பதிவேட்டு நகல், காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில்கள், சம்பளச் சான்று ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். தர்மபுரி அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்து, பிறகு சேலத்துக்கோ பெங்களூருக்கோ மாற்றியவர்கள் முதல் ஆஸ்பத்திரிக் காகிதத்தை மறந்துவிடுவார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி “விபத்தில் பட்ட காயமே இல்லை” என்று வாதிடும் இடம் அதுதான்.

தொகை வரும்போது உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கையே கொடுங்கள். எழுதாத செக்கிலோ பணம் எடுக்கும் படிவத்திலோ யார் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள். மேலும், நீங்கள் பெண். வழக்கு உங்கள் பெயரில் என்றால் இலவச வக்கீலே கிடைப்பார். அடுத்த பதிலைப் படியுங்கள்.

கேள்வி: இலவச சட்ட உதவி யாருக்குக் கிடைக்கும்? போனால் ‘வருமானச் சான்று கொண்டுவா’ என்று திருப்பி அனுப்புகிறார்களே?
– வாசகி, அரூர்

பதில்: 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 12-ஆம் பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில் நிறுவனத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், ஆள்கடத்தலிலோ கொத்தடிமைத்தனத்திலோ சிக்கியவர்கள், வெள்ளம், வறட்சி, சாதிக் கொடுமை போன்றவற்றால் பாதிக்கப்பட்டவர்கள் எல்லோருக்கும் உரிமை உண்டு. இவர்களுக்கு வருமான வரம்பே கிடையாது. வரம்பு மற்ற ஆண்களுக்குத்தான். அவர்களுக்கும் வருமானம் பற்றிய உறுதிமொழிப் பத்திரத்தையே போதுமானதாக எடுத்துக்கொள்ளலாம் என்று 13-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே உங்களிடம் வருமானச் சான்று கேட்டால் “நான் பெண், 12-ஆம் பிரிவு” என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

மாவட்டக் கோர்ட்டு வளாகத்தில் மாவட்ட ஆணைக்குழு இருக்கிறது, வட்ட அளவில் வட்டக் குழு இருக்கிறது. வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தாலும் போதும். எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொல்லுங்கள், அங்கிருப்பவர் எழுத வேண்டும். மனுவின் நகலில் தேதி முத்திரை வாங்க மறக்காதீர்கள். ஏனென்றால் முடிவெடுக்க விதியில் கொடுத்திருக்கும் காலம் 7 நாள், அந்த முத்திரை இல்லாமல் எட்டாம் நாள் போய் எதையும் கேட்க முடியாது. தொலைபேசி எண் 15100.

வக்கீல் மட்டுமல்ல, கோர்ட்டுக் கட்டணம், நகல், தட்டச்சு, மொழிபெயர்ப்புச் செலவும் இதில் சேரும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கிலோ கன்னடத்திலோ பழைய பத்திரம் வைத்திருப்பவர்கள் மொழிபெயர்ப்புச் செலவைக் கட்டாயம் கேளுங்கள். நியமிக்கப்பட்ட வக்கீல் உங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. ‘டீ செலவு’, ‘குமாஸ்தா செலவு’ என்று கேட்டால் ஆணைக்குழுச் செயலாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள், வக்கீலை மாற்றித் தருவார்கள்.

இலவச வக்கீல் சரியாகக் கவனிக்க மாட்டார் என்ற பயம் ஊரில் இருக்கிறது. சில இடங்களில் அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. அதற்கு மருந்து கட்சிக்காரரின் கவனம்தான். ஒவ்வொரு வாய்தா தேதியையும் குறித்து வையுங்கள், நேரில் போங்கள், என்ன நடந்தது என்று கேளுங்கள்.

கேள்வி: லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) சமரசமாகக் கையெழுத்துப் போட்டேன். இப்போது தொகை குறைவு என்று தோன்றுகிறது. அப்பீல் போடலாமா?
– வாசகர், போச்சம்பள்ளி

பதில்: முடியாது. அங்கே எடுத்த முடிவு சிவில் கோர்ட்டு டிகிரிக்கு (தீர்ப்பாணைக்கு) சமம், அப்பீல் இல்லை. ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார்கள் என்பது போன்ற மிகக் குறுகிய காரணங்களுக்கு மட்டும் ஹைகோர்ட்டில் ரிட் மனு போட வழி உண்டு. தொகை குறைவு என்பது அதில் வராது. எதிர்தரப்பு பணம் தராவிட்டால் நிறைவேற்று மனு போடலாம். கட்டிய கோர்ட்டுக் கட்டணம் திரும்பக் கிடைக்கும், அதைப் பலர் கேட்டு வாங்குவதே இல்லை. வாங்குங்கள்.

கேள்வி: தர்மபுரி அரசு சட்டக் கல்லூரியில் படிக்கிறேன். வாச்சாத்தி வழக்கைப் பொதுச்சேவைக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். ஒரு வக்கீலின் பார்வையில் அதில் கற்க என்ன இருக்கிறது?
– மாணவி, தர்மபுரி

பதில்: 1992 ஜூன் 20-ஆம் தேதி சந்தன மரக் கடத்தலைத் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்திக்குள் புகுந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 1995-ல் ஹைகோர்ட்டு சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29-ஆம் தேதி தர்மபுரி கோர்ட்டு தீர்ப்பளித்தபோது அவர்களில் 54 பேர் இறந்துவிட்டிருந்தார்கள். மீதி 215 பேரும், அதாவது வனத்துறையினர் 126, காவல்துறையினர் 84, வருவாய்த்துறையினர் 5 பேர், தண்டிக்கப்பட்டார்கள். சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29-ஆம் தேதி, ஹைகோர்ட்டு அந்தத் தண்டனையை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது.

வாதத்திறமையைத் தேடி இந்த வழக்கைப் படிக்காதீர்கள். 31 ஆண்டுகள் சாட்சிகள் கலையாமல் நின்றார்கள், அதைத்தான் பாருங்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் அரசியல் இயக்கமும் வக்கீல்களும் சேர்ந்து அவர்களைக் கைவிடாமல் இருந்ததால் அது நடந்தது. சாட்சி சொல்லப் போனால் அன்றைய கூலி போகும், பஸ் செலவு ஆகும், மிரட்டல் வரும். இவற்றுக்கு யார் பொறுப்பேற்பது என்று யோசிக்காத பொதுநல வழக்கு இரண்டாவது வருடமே படுத்துவிடும். அடுத்தது, குற்றம் சாட்டப்பட்டவர்களை அடையாளம் காட்டுவது. ஒரே நேரத்தில் இத்தனை பேர் வந்த சம்பவத்தில் யார் என்ன செய்தார் என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட சம்பவம் எங்கே நடந்தாலும் வக்கீல் முதல் வாரத்தில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வீடு வீடாகப் போய், சொல்பவரின் பேச்சிலேயே, மாற்றாமல், தேதியோடு எழுதி வைக்க வேண்டும். பத்து வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் கேள்வி வரும்போது அந்த எழுத்து கையில் இருக்க வேண்டும்.

உங்கள் கல்லூரியின் சட்ட உதவி மையத்தில் சேர்ந்துவிடுங்கள். மலைக்கிராமங்களுக்கு முகாம் போகும்போது மனு எழுதும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். மனுவை எழுதி முடித்ததும், கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவதற்கு முன், அதை அவருக்கு முழுதாக வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.